கணக்கெடுப்பும் களப்பணியும்

1932 நவம்பரில், மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலில் சென்ற அண்ணல் அம்பேத்கர், தக்கர் பாபாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். தக்கர் அப்போது தீண்டாமை ஒழிப்புக் கழகத்தின் செயலாளர். தனிமனிதரின் ஒழுக்கத்தைத் திருத்துவதைவிடக் கிணறு, பள்ளி முதலிய பொது உரிமைகளுக்கான போராட்டமே முதன்மையானது என்பது அண்ணலின் வாதம். பணியாளர்கள் ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்தே வரவேண்டும் என்றும் கேட்டார். அவர் கேட்டபடி நடக்கவில்லை. அந்தக் கழகமே பின்னர் ஹரிஜன சேவா சங்கமாயிற்று. பணியாளர் யார், அவர் யாருக்குப் பதில் சொல்பவர் என்ற கேள்வி மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

கையால் மலம் அள்ளுவதற்கான தடைச்சட்டம் 1993இல் வந்தது. நடைமுறைக்கு வர 1997 ஆனது. அதன் பிறகும் பல மாநில அரசுகள் தங்களிடம் அந்தத் தொழிலே இல்லை என்றன. அந்த மறுப்பைக் கோப்புகள் உடைக்கவில்லை. 2003இல் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் உச்ச நீதிமன்றம் சென்றது. அதன் தோழர்கள் தெருத்தெருவாக நடந்து, உலர் கழிப்பறைகளைப் படமெடுத்து, அங்கு வேலை செய்த பெண்களிடம் பேசிச் சான்று திரட்டினார்கள். 1993 முதல் சாக்கடையில் இறந்தோரின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. 2023இல் அத்தொகை 30 லட்சமாக உயர்ந்தது.

இதற்கிடையே 2013இல் வந்த புதிய சட்டம் நகரங்களில் கணக்கெடுக்கும் பொறுப்பை நகராட்சிகளிடம் கொடுத்தது. வேலை வாங்கிய இடமே ஆள் எண்ணும் இடமாயிற்று. உரிய கருவியும் பாதுகாப்பு உடையும் கொண்டு மலம் அகற்றுபவர் ‘கையால் மலம் அள்ளுபவர்’ ஆகமாட்டார் என்றும் அச்சட்டம் விளக்கம் சொல்கிறது. கையுறை மாட்டினால் கணக்கிலிருந்து வெளியே! சாக்கடை மரணங்களுக்கோ ‘ஆபத்தான துப்புரவு’ என்று தனித் தலைப்பு. அதனால்தான் கையால் மலம் அள்ளி எவரும் இறக்கவில்லை என்று 2021இல் நாடாளுமன்றத்தில் சொல்ல முடிந்தது.

நிர்வாகச் சீர்திருத்தம் இன்னொன்றையும் செய்தது. சென்னையில் 2000ஆம் ஆண்டிலேயே சில மண்டலங்களின் குப்பை அள்ளும் பணி தனியாரிடம் போனது. ஒப்பந்தம் வந்தபின், இறந்தவர் எங்கள் ஊழியர் அல்லர் என்று கைகாட்ட ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. மறுவாழ்வும் ஒருமுறை தரும் 40,000 ரூபாய், மானியக் கடன், பயிற்சிச் சான்றிதழ் என்று கட்டம் கட்டமாகப் பிரிந்தது. கட்டம் நிரம்பினால் இலக்கு முடிந்தது. அந்தப் பெண் மறுநாள் எந்த வேலைக்குப் போனார் என்று கேட்கப் படிவத்தில் இடமில்லை.

சமூகப்பணி படிக்கும் மாணவர்களே, படிவத்தை நிரப்புங்கள். அதில்லாமல் உதவித்தொகை வராது. ஆனால் விளக்கத்துக்குள் வராதவர்களின் பெயர்களைத் தனி ஏட்டில் எழுதுங்கள். அரசு இல்லை என்று சொன்னபோது வழக்கை நிற்க வைத்தவை நம் மக்கள் சேர்த்த அத்தகைய ஏடுகளே.