வாட்பிடியும் தோலும்

ஆயுத பூசையன்று நம் தோட்டத் தொழிற்சாலைகளிலே கவ்வாத்துக் கத்தியும் மண்வெட்டியும் சந்தனம் குங்குமம் பெற்று வரிசையாக வைக்கப்படுவதை மஸ்கெலியாவில் அறியாதார் இலர். அவ்வரிசையிலிருந்த ஒரு பழைய கவ்வாத்துக் கத்தியை ஒருமுறை கையிலெடுத்துப் பார்த்தோம். பிடியிலே சைக்கிள் டியூப் துண்டொன்று இறுகச் சுற்றப்பட்டிருந்தது. “மழையில பிடி வழுக்கும் தம்பி. வழுக்கினா செடிய வெட்டாது, நம்ம கால வெட்டும்” என்றார் அதற்குரிய பெரியவர். வாளேந்திய வீரர்களை வாட்டிய கவலையும் இதுவே. வியர்வையிலும் மழையிலும் குருதியிலும் நனைந்த கையிலிருந்து நழுவும் வாள், எத்துணைக் கூர்மையுடையதாயினும் பயனற்றது.

ஆயினும் வாளின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அலகையே பாடினர். அது தகாதென்று கூறமாட்டோம். நம் மலைத்தொடரின் தென்புறத்தே, பலாங்கொடையை அடுத்த சமனலவெவப் பகுதியில், பருவக்காற்றின் விசை ஒன்றையே துருத்தியாகக் கொண்டு இரும்புருக்கிய பழைய உலைகள் இருந்தன. கில் யூலெப் என்னும் தொல்லியல் ஆய்வாளர் அவ்வாறே ஓர் உலை அமைத்து, காற்று மட்டும் போதும் என்பதைச் செய்தே காட்டி 1996இல் உலகறிய வெளியிட்டார். இது நாம் பெருமைகொள்ளத்தக்க செய்தியே. ஆனால், அலகைச் செய்தவனுக்கு ஒரு வரி கிடைத்த இடத்திலும் பிடிக்குத் தோல் தந்தவனுக்கு ஓர் எழுத்தும் கிடைக்கவில்லை.

கண்டி இராச்சியத்தின் புகழ்பெற்ற வாள் கஸ்தானை. நம் நாட்டுக் கொடியிலுள்ள சிங்கம் ஏந்தி நிற்பதும் அதுவே. அதன் பிடி சிங்கமுகமாகச் செதுக்கப்பட்டு, கொம்பாலும் வெள்ளியாலும் தந்தத்தாலும் அமைவது. அது தோலை வேண்டுவதில்லை. அரசவையில் அணிவதற்கு அது பொருத்தம். நாள் முழுதும் கையில் பிடித்துப் போர்புரிவதற்கு மரத்தின்மேல் தோல் போர்த்த பிடியே நலம் என்பதைப் பல நாட்டார் தத்தம் அனுபவத்தாற் கண்டனர். அவருள் மிகவும் நுணுகிப் பார்த்தோர் யப்பானியர். அவர்களுடைய வாட்பிடியின் கதை நம் தமிழ்க் கரைக்கே வந்து சேர்கிறது என்பதால் அதனைச் சற்று விரித்துரைப்போம்.

யப்பானிய வாளின் பிடி இலேசான மரத்தால் ஆனது. அதன்மேற் போர்த்தப்படுவது திருக்கை மீனின் தோல். அவர்கள் மொழியில் அத்தோலுக்கு வழங்கும் பெயர் சுறாவுக்கும் உரியதாகலின், மேனாட்டார் பலர் அதனைச் சுறாத்தோல் என்றே எழுதிவிட்டனர். மஸ்கெலியாக் கடைவீதியில் நாம் கருவாடாக வாங்கும் அதே திருக்கைதான்! அதன் முதுகுத்தோலில் பல்லைப்போன்ற கடினமான மணிகள் நெருங்கிப் பதிந்துள்ளன. நடுமுதுகில் அவை பருத்து ஒரு வரிசையாக நிற்கும். தோலை ஊறவைத்துத் தேய்த்துக் கழுவினால் மணிகள் வெண்ணிறம் பெறும். ஈரமாகவே மரத்தில் பொருத்திக் காயவிட, தோல் இறுகி மரத்தையும் பிளவாது காக்கும். அதன்மேல் பட்டுக் கயிறோ தோல்வாரோ குறுக்கும் நெடுக்குமாகக் கட்டப்படும்போது, மணிகளின் சொரசொரப்பு கட்டை நகரவிடாது. பெருமணிகள் பிடியின் வெளிப்பக்கத்தில், பார்ப்போர் கண்ணிற் படுமிடத்தில் அமையுமாறு வெட்டுவது அவர்தம் வழக்கம். அதற்கேற்ற பெரிய தோல் கிடைப்பது அருமை. ஆகவே விலையும் மிகுதி. தோலின் தரம் பார்ப்பதற்கென்றே 18ஆம் நூற்றாண்டில் அந்நாட்டில் நூல்கள் அச்சாயின என்றால் அவர்தம் கவனத்தை என்னென்பது!

இத்தகைய பெருந்தோல்கள் யப்பானியக் கடலில் வேண்டிய அளவு கிடைக்கவில்லை. தென்கடல் நாடுகளிலிருந்தே அவை வந்தன. கொணர்ந்தவர்களுள் முக்கியமானோர் ஒல்லாந்தர். அவர்கள் 1610இல் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தனர். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து நாகபட்டினத்தைக் கைப்பற்றினர். நம் யாழ்ப்பாணக் கோட்டை அவர் கையில் வீழ்ந்ததும் அதே ஆண்டிலேதான். யப்பானோ ஏனைய ஐரோப்பியரை விலக்கி, 1641 முதல் ஒல்லாந்தரை நாகசாகித் துறைமுகத்துத் தேசிமா என்னும் சிறு தீவில் மட்டும் இருத்திவைத்தது. சோழமண்டலக் கரையிலிருந்து துணிகளுடன் திருக்கைத் தோல்களும் அத்துறைக்குச் சென்றன. சயாமிலிருந்தும் தைவானிலிருந்தும் மான்தோல்கள் பல்லாயிரக்கணக்கிற் சென்றன. கவசத்துக்கும் சட்டைக்கும் கட்டு வாருக்கும் அவை பயன்பட்டன.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. சுருக்கம் விழுந்த மேற்பரப்பையுடைய ஒருவகைப் பதனிட்ட தோலை யப்பானியர் இன்றும் ‘சாந்தோமே’த் தோல் என்றே அழைக்கின்றனர். அது வேறெந்த ஊருமன்று. மயிலாப்பூரை அடுத்துப் போர்த்துக்கேயர் குடியேறிய சாந்தோம்! அக்கரையிலிருந்து சென்ற கோடிட்ட பருத்தித் துணிக்கும் அங்கே அதே பெயர்தான். கபாலீசுவரர் கோவிலிலிருந்து நடந்து செல்லும் தூரத்திலுள்ள ஓர் ஊரின் பெயர், கடல் பல கடந்து ஒரு தோலின் பெயராகி நிலைத்துவிட்டது. ஊர்ப்பெயர் நிலைத்தது, பதனிட்டவன் பெயர் நிலைக்கவில்லை. 1876இல் யப்பானிய அரசு பொதுமக்கள் வாளணிந்து நடப்பதைத் தடைசெய்தபின் வாட்பிடித் தோலுக்கிருந்த தேவையும் பெரிதும் குன்றிற்று.

தமிழ்நாட்டில் தோல் பதனிட்ட முறை எத்தகையது? சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் களைந்து, நன்கு கழுவி, ஆவாரம்பட்டை ஊறிய நீரில் நாட்கணக்காகப் போட்டு எடுப்பர். ஆவாரையில் மட்டும் பதனிட்ட தோல் வெயில் பட்டாற் சிவக்கும். அதனைத் தடுக்கக் கடைசியிற் கடுக்காய் நீர் காட்டுவர். பின்னர் எண்ணெயிட்டு உலர்த்துவர். திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய ஊர்கள் இத்தொழிலாற் பெயர்பெற்றன. 1903இல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோமியத் தோல் பதனிடலைத் தொடங்கிவைத்த பின்னரும் ஆவாரம்பட்டைத் தோலின் மதிப்பு உடனே குறைந்துவிடவில்லை. முதல் உலகப் போரில் படைவீரர்களின் சப்பாத்துகளுக்கு மேல்தோலாகச் சென்றது இதுவே.

பிடிக்குத் தோல் தெரிவோருக்கு இதில் ஒரு நுட்பம் உண்டு. பட்டையிற் பதனிட்ட தோல் ஈரத்தில் இளகி, மரத்தின் மேடுபள்ளத்துக்கெல்லாம் பணிந்து, காய்ந்தபின் அவ்வடிவிலேயே நிற்கும்; குரோமியத் தோல் அவ்வளவு எளிதிற் பணியாது. மெல்லிய, ஆனால் உறுதியான ஆட்டுத்தோலோ கன்றுத்தோலோ ஏற்றது. அதிலும் வயிற்றுப்பகுதி நெகிழ்ந்து கொடுக்கும். முதுகுப்பகுதியே நீளாமல் நிற்கும். இணையும் ஓரங்களைச் சீவி மெலிதாக்கினால் உள்ளங்கையில் உறுத்தாது. ஈரத்தோல் இரும்பைத் தொட்டால் பட்டைச் சாறும் இரும்பும் கூடிக் கறுத்துவிடும். ஆகவே மரம் இடையிலிருப்பது நன்று. இவை நூலறிவன்று, கையறிவு. தோலைப் பெருவிரலால் அழுத்தி, மடித்து, முகர்ந்து பார்த்தே பெற்றவை.

இந்தக் கையறிவுக்குரியோரை நம் சமுதாயம் எங்கே வைத்தது? சங்ககாலப் புலவர் சாத்தந்தையார், கோப்பெருநற்கிள்ளியின் போர் விரைவுக்கு உவமை தேடியபோது, வாரினாற் கட்டில் பின்னும் தொழிலாளியின் ஊசியைக் கண்டார். புறநானூற்றின் 82ஆம் பாட்டிலே அரசனின் வீரத்தை அளக்கும் கோலாக நிற்பது அத்தொழிலாளியின் கைவேகம். ஆனால் அப்பாட்டிலேயே அவனுக்குச் சூட்டப்பட்ட பெயர் ‘இழிசினன்’! கேடயத்துக்கே ‘தோல்’ என்று பெயரிட்டு வழங்கிய மொழி நம் மொழி. தோல் போர்த்த கேடயத்தையும் தோலுறையிலிட்ட வாளையும் வெற்றிவிழாவில் வணங்கினோம். அத்தோலைப் பதனிட்ட கையைத் தீட்டென்று வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். கடல் கடந்து இம்மலைகளுக்குக் கோப்பியும் தேயிலையும் பயிரிட வந்தபோதும் அவ்வழக்கத்தைக் கைவிடாமல் கொண்டுவந்தோம். தோல் தொழிற் சமூகத்தாருக்குத் தோட்டங்களிலே தனி லயங்கள் ஒதுக்கப்பட்ட வரலாறு முதியோர் அறிந்ததே. இதனை மலரில் எழுதுவது சிலருக்கு உவப்பாயிராது. எனினும் வரலாறு என்று தலைப்பிட்டுவிட்டு இதனை விட்டுச்செல்ல எம்மால் இயலவில்லை.

அக்கையறிவு முற்றும் அழிந்துவிடவும் இல்லை. காமன் கூத்தின்போது தப்புக் கலைஞர் தீ மூட்டி, தப்பைச் சுழற்றிச் சுழற்றிக் காய்ச்சுவதை நம் இளைஞர் பார்த்திருப்பர். கன்றுத்தோலைத் தெரிந்து, புளியங்கொட்டைப் பசையால் மரச்சட்டத்தில் ஒட்டி, காயும்போது எவ்வளவு இறுகும் என்பதை முன்கூட்டியே கணித்து இழுப்பவர் அவர். வாட்பிடிக்குத் தோல் போர்த்தவன் கணித்ததும் அதுவே. பொன்னர் சங்கர் ஆட்டத்துக்கு இங்கே தகரவாள் செய்வோர், அதன் பிடிக்குத் துணி சுற்றுவதை விட்டு ஒருமுறை அவரிடம் ஒரு துண்டுத் தோல் கேட்டுப் பார்க்கலாம்.

நம் தோட்டங்களில் ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்ட முறையை நேரிற் கண்டவரோ, தம் பெற்றோர் சொல்லக் கேட்டவரோ இருப்பின், தோட்டத்தின் பெயரோடு மன்றத்தாருக்கு எழுதியனுப்புமாறு வேண்டுகிறோம். எழுத இயலாதவர் சொன்னால் நம் இளைஞர் வீட்டுக்கே வந்து எழுதிக்கொள்வர்.