பாறைமேல் நின்ற போன்



2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப்புகள் நின்றன. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத் தோட்டத்தில் என் அப்பா மாட்டிக்கொண்டார். சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோச்சு. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரோ போடியில்!

அதுவரை போனில் மருந்து எழுதித் தரத் தெளிவான விதி கிடையாது. அதே மார்ச் 25-ல்தான் மத்திய அரசின் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் வெளியாயின. வீடியோ, போன், எழுத்துச் செய்தி எதிலும் டாக்டர் ஆலோசனை சொல்லலாம். ஏற்கெனவே பார்த்துவரும் நோயாளிக்குப் பழைய மருந்தைத் திரும்ப எழுதலாம். ஏப்ரல் 13-ல் இ-சஞ்சீவனி ஓ.பி.டி. வந்தது, வீட்டிலிருந்தே வீடியோவில் டாக்டரைப் பார்க்கலாம்.

ஏலக்காட்டுச் சரிவில் வீடியோவுக்கு ஏது சிக்னல்? அப்பா பாறைமேல் ஏறி நின்று போன் போட்டார்.

"மயக்கம் வருதாய்யா? கால்ல புண்ணு இருக்கா?" என்று விசாரித்தார் டாக்டர். மருந்துச் சீட்டு வாட்ஸ்அப்பில் வந்து சேர ராத்திரி ஆச்சு. மறுநாள் மாத்திரை கிடைத்தது.

பக்கத்து லயத்தில் போனே இல்லாதவர்களுக்கும் அப்பாதான் பாறையேறினார்.

எனக்கு அன்றுதான் உறைத்தது: விதி ஒரே நாளில் வந்தது, டவர் வரவில்லை. தம்பிகளே, ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்களா? ஒருமுறை மெட்டுக்கு மேலே போய்ப் பாருங்கள்.