கடல் மைல்

கடல் மைல் என்பது கப்பல், வான் போக்குவரத்துகளில் தொலைவை அளக்கப் பயன்படும் அலகு. இதன் நீளம் சரியாக 1,852 மீட்டர். நிலத்தில் வழங்கும் மைல் சுமார் 1,609 மீட்டரே. நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ ஓரிடம் விலகியுள்ள கோண அளவாகிய அட்சரேகையின் ஒவ்வொரு பாகையையும் 60 கலைகளாகப் பகுத்தால், ஒரு கலைக்குரிய தரைத்தொலைவு ஏறத்தாழ ஒரு கடல் மைலாகும். ஆகவே மாலுமி தனி அளவுகோல் எதுவுமின்றி, கவராயத்தை விரித்துக் கடல் வரைபடத்தின் பக்க விளிம்பிலுள்ள அட்சரேகைக் குறிகளில் வைத்தே தொலைவை அறியலாம். மெர்க்கேட்டர் வரைபடத்தில் துருவங்களை நோக்கி அளவை விரிவடைவதால், பயணப் பகுதிக்கு நேரான விளிம்பிலேயே அளக்க வேண்டும். மீட்டர் முறை பரவிய பின்னும் இவ்வலகு நிலைத்ததற்கு இந்த எளிமையே தலையாய காரணம்.

புவி துருவங்களில் சற்றே தட்டையாக இருப்பதால், ஒரு கலையின் நீளம் நிலநடுக்கோட்டருகே சுமார் 1,843 மீட்டராகவும் துருவத்தருகே சுமார் 1,862 மீட்டராகவும் வேறுபடுகிறது. நாடுகள் கையாண்ட மதிப்புகளும் வேறுபட்டன. 1929-இல் மொனாக்கோவில் கூடிய பன்னாட்டு நீர்ப்பரப்பியல் மாநாடு இன்றைய மதிப்பை வரையறுத்தது. அமெரிக்கா 1954-இலும் பிரித்தானியா 1970-இலும் அதை ஏற்றன.

மணிக்கு ஒரு கடல் மைல் என்னும் வேகம் 'நாட்' எனப்படும். முற்காலத்தில் முடிச்சிட்ட கயிற்றைக் கடலில் விட்டு, மணற்கடிகாரம் வடிவதற்குள் கைவழிச் சென்ற முடிச்சுகளை எண்ணி இவ்வேகம் கணிக்கப்பட்டது. விமானங்களின் கிடைத்தொலைவும் பெரும்பாலும் கடல் மைலிலேயே கணக்கிடப்படுகிறது, உயரம் மட்டும் அடியில். 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, ஆட்சிக்கடலின் எல்லையை 12 கடல் மைல் வரையிலும், தனிப் பொருளாதார மண்டலத்தை 200 கடல் மைல் வரையிலும் அனுமதிக்கிறது.