எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய உணவும் வாழ்க்கைமுறையும்

இரைப்பையைச் சுருக்கியோ, உணவு செல்லும் பாதையை மாற்றியோ உடல் எடையைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு, உண்ணும் அளவு, வரிசை, வேகம் மூன்றும் மாறியாக வேண்டும். இவற்றில் இன்று பரவலாகச் செய்யப்படுபவை இரண்டு. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்பட்டு, வாழைப்பழ வடிவில் ஒரு பகுதி மட்டும் விடப்படுகிறது. பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மி.லி. கொள்ளும் சிறு பை பிரிக்கப்பட்டு, சிறுகுடலோடு நேரே இணைக்கப்படுகிறது. பைபாஸ் சிகிச்சை 1966-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அறுவைச் சிகிச்சை மருத்துவர் எட்வர்ட் மேசனிடமிருந்து தொடங்கியது. ஆசியர்களுக்கு உடல் நிறை எண் (BMI) 27.5-ஐத் தாண்டினாலே எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்று 2022-ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல் கூறுகிறது.

முதல் சில நாட்களுக்குத் தெளிந்த நீராகாரம் மட்டுமே: வடிகட்டிய பருப்புத் தண்ணீர், காய்கறி சூப், நீர்மோர். பிறகு பால், மோர், புரதப் பொடி கரைத்த பானம். அதன்பின் மசித்த உணவு, மென்மையான உணவு எனப் படிப்படியாக ஏறி, ஆறிலிருந்து எட்டு வாரங்களில் திட உணவுக்கு வரலாம். மருத்துவமனைக்கு மருத்துவமனை நாள்கணக்கு சற்று மாறும். தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்க முடியாது. நாளெல்லாம் சிறுகச் சிறுக உறிஞ்சித்தான் ஒன்றரை லிட்டரை எட்ட வேண்டும்.

தமிழ்நாட்டு உணவுப் பழக்கத்துக்கு உண்மையான சோதனை திட உணவு தொடங்கும்போதுதான் வருகிறது. நம் சாப்பாட்டில் சோறு நடுவில் இருக்கும். மற்றதெல்லாம் அதற்குத் தொட்டுக்கொள்ள. அறுவைச் சிகிச்சைக்குப் பின் இந்த வரிசை தலைகீழாக வேண்டும். ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை. ஒரு வேளைக்கு இறங்குவதோ ஒரு சிறு கிண்ணம். முதல் வாய் சோறானால் புரதத்துக்கு இடமிருக்காது. எனவே முட்டை, மீன், கோழி, பனீர், சுண்டல், கெட்டிப் பருப்பு ஆகியவை முதலில், காய் அடுத்து, இடம் மிஞ்சினால் சோறு. சைவம் உண்போருக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. ஒரு இட்லியில் 2 கிராம் அளவே.

குழைந்த சோறும் புதிய பிரெட்டும் உருண்டையாகத் திரண்டு அடைத்துக்கொள்வதாகப் பலர் சொல்கிறார்கள். நெஞ்சுக்கு நடுவே இறுக்கம், வாயில் நுரைத்து ஊறும் எச்சில், சிலருக்கு விக்கல் அல்லது மூக்கொழுகல்: வயிறு நிறைந்ததை உடல் இப்படித்தான் அறிவிக்கும். அதற்கு மேல் ஒரு வாய் எடுத்தாலும் வாந்திதான். ஒரு வேளை உணவுக்கு இருபது, முப்பது நிமிடம் வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல், முடிந்து அரை மணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும். விக்கினால் தண்ணீர் குடி என்று சொல்லி வளர்த்த வீட்டில் இதைப் பழக நாளாகும்.

இனிப்பு இன்னொரு தொல்லை. பைபாஸ் செய்தவர் பாயசமோ பழச்சாறோ குடித்தால், சர்க்கரை வேகமாகக் குடலுக்குள் இறங்கி, பத்து முதல் முப்பது நிமிடங்களுக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, பேதி வரலாம். இதை டம்பிங் என்கிறார்கள். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து, இன்சுலின் மிகுதியாகச் சுரப்பதால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வருவது இதன் இரண்டாம் வகை. மதுவும் ரத்தத்தில் விரைவாக ஏறும். பழைய அளவில் குடிப்பவர் பழைய நிதானத்தை எதிர்பார்க்க முடியாது.

மூன்றாம் மாதம் முதல் முடி கொட்டுவது பலரையும் கலங்கடிக்கிறது. விரைவான எடையிழப்பால் வரும் இது, புரதமும் இரும்புச்சத்தும் குறையாதிருந்தால் சில மாதங்களில் தானே நிற்கும். சத்து மாத்திரைகளை விட்டுவிடுவதே உண்மையில் அஞ்ச வேண்டியது. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை வாழ்நாள் முழுதும் தேவை. பி12 கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் சேமிப்பில் இருப்பதால், மாத்திரையை நிறுத்தியவருக்கு உடனே எதுவும் தெரியாது. இரண்டு மூன்று ஆண்டு கழித்துக் கால் மரத்துப்போகும்போதுதான் தெரியும். கால்சியத்தையும் இரும்பையும் சேர்த்து விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையைக் காபியோடு எடுத்தால் பெரும்பகுதி வீண்.

விருந்தில் ‘இன்னும் கொஞ்சம்’ என்று இலையில் வைக்கும் அன்பை மறுப்பது மாத்திரையைவிடக் கசப்பு என்று தோன்றலாம். அளவைக் குறைத்தே பரிமாறும்படி வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. வீட்டில் முன்கூட்டியே பேச வேண்டியது இன்னொன்றும் உண்டு: அறுவைச் சிகிச்சைக்குப் பின் பெண்கள் கருத்தரிப்பதை 12 முதல் 18 மாதங்கள் தள்ளிப்போடுமாறு அறிவுறுத்தப்படுகிறது.

மருந்துக் கடையில் தாமாக வாங்கும் டைக்ளோஃபினாக், இபுபுரோஃபன் போன்ற வலி மாத்திரைகள் பைபாஸ் செய்தவருக்கு வயிற்றில் புண்ணை உண்டாக்கலாம். வாந்தி நாள்கணக்கில் நீடித்தால் தயமின் என்னும் பி1 குறைந்து மூளை பாதிக்கப்படலாம். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது ஆபத்து. ஆகவே காய்ச்சலுக்கோ பல்வலிக்கோ எந்த மருத்துவரிடம் போனாலும், என்ன அறுவைச் சிகிச்சை, எந்த ஆண்டு செய்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.