தாழ்ப்பாளுக்கு உள்ளே

“எங்க அக்கா ஒரு வாரமா லைட்டை அணைச்சுட்டுத்தான் குளிக்கிறாளாம், மேடம்.”

என் மாணவி இதைச் சொன்னது 2025 நவம்பரில். அவள் அக்கா ஓசூரில் வேறொரு ஆலையில் வேலை செய்கிறாள். அந்த மாதத் தொடக்கத்தில்தான் நாகமங்கலத்தில், டாடா எலெக்ட்ரானிக்ஸ் பெண் தொழிலாளர் விடுதியின் குளியலறையில் ரகசியக் கேமரா கண்டுபிடிக்கப்பட்டது. இரவென்றும் பாராமல் பெண்கள் திரண்டு போராடினார்கள். அதே விடுதியில் தங்கியிருந்த பெண் தொழிலாளி ஒருவரும், பிறகு அவருடைய ஆண் நண்பரும் கைதானார்கள். குற்றத்தை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். இருட்டில் குளிக்கும் அந்த அக்காவுக்குச் சட்டம் என்ன வைத்திருக்கிறது என்பதே என் கேள்வி.

1962இல் கரக் சிங் வழக்கில், போலீசார் இரவில் வீட்டுக் கதவைத் தட்டிக் கண்காணிப்பது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை அல்ல என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 1983இல் ஆந்திர உயர் நீதிமன்றம் சரீதா வழக்கில் ஒரு படி மேலே போனது. பிரிந்து சென்ற மனைவியைக் கணவனோடு வாழ உத்தரவிடும் இந்துத் திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, அவள் உடல்மீதான உரிமையைப் பறிக்கிறது என்று அதை ரத்து செய்தது. மறு ஆண்டே சரோஜ் ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை மீட்டுக்கொடுத்தது. வீட்டின் அந்தரங்கம் மதிக்கப்பட்டது. வீட்டுக்குள் இருந்த பெண்ணின் அந்தரங்கம் காத்திருந்தது.

2017 ஆகஸ்ட் 24 அன்றுதான், நம் எல்லைக்கு அப்பால் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். வீட்டுக்குள் நடக்கும் வன்முறைக்கு அந்தரங்கமே திரையாகிவிடலாம் என்ற பெண்ணிய விமர்சனத்தையும் அந்தத் தீர்ப்பு கணக்கில் எடுத்தது.

ஒளிந்து பார்ப்பது தனிக் குற்றமானது வர்மா குழு அறிக்கைக்குப் பிறகு, 2013இல். அந்த 354சி பிரிவு ‘எந்த ஆணும்’ என்று தொடங்கியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு ‘யாராக இருந்தாலும்’ என்கிறது. முதல் முறை குற்றம் நிரூபணமானால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. படமெடுக்கச் சம்மதித்திருந்தாலும் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவதும் குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவும் ஆண், பெண் பேதம் பார்ப்பதில்லை. பழைய 354சி மட்டும் இருந்திருந்தால், நாகமங்கலத்தில் கைதான பெண்மீது அது நேரடியாகப் பாய்ந்திருக்காது. கேமராவை வைப்பது ஒரு பெண்ணின் கையாகவும் இருக்கலாம் என்பதைச் சட்டம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது.

இவையெல்லாம் நடந்த பிறகு தண்டிக்கும் சட்டங்கள். நடக்காமல் தடுப்பது யார் பொறுப்பு? தமிழ்நாட்டில் பெண்கள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் உண்டு. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனிநபர் தம் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தரவைத் தன் எல்லைக்கு வெளியே விட்டுவிடுகிறது.

விடுதி இரண்டுங்கெட்டான் இடம். நிர்வாகத்துக்கு அது கட்டடம். ஒரு கட்டில், ஒரு பெட்டி, ஒரு வாளியோடு வந்த பெண்ணுக்கு அது வீடு. இப்படி ஏதாவது நடந்ததும் நிர்வாகங்களுக்கு முதலில் தோன்றுவது பெண்களின் போனை வாங்கி வைப்பதும், நடையெங்கும் இன்னும் நாலு கேமரா மாட்டுவதும்தான். பாதுகாப்பின் பெயரில் வரும் கண்காணிப்பையும் நாம் கேள்வி கேட்க வேண்டும். எந்தக் கேமரா எங்கே இருக்கிறது, பதிவை யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்பது தங்கியிருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். குளியலறைச் சோதனை தொழிலாளர் பிரதிநிதிகள் முன்னிலையில் நடக்க வேண்டும். புகார் சொன்னவளின் வேலை போகக் கூடாது.

அன்றிரவு அந்தப் பெண்கள் அறைக்குள் முடங்காமல் வெளியே வந்ததால்தான் இது ஊருக்கே தெரிந்தது. தங்கள் அந்தரங்கத்துக்காக அவர்கள் பொதுவெளியில் நிற்க வேண்டியிருந்தது.

மாணவியிடம் 77 என்ற எண்ணை எழுதிக் கொடுத்தேன். “அக்காகிட்ட சொல்லு.” வாங்கி வைத்துக்கொண்டவள் கேட்டாள்: “சொல்றேன் மேடம். லைட்டைப் போட்டுக்கலாம்னும் சொல்லட்டுமா?”

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.