நோலானா: உலர்ந்த தாள்களில் ஒரு பாலைநில வரலாறு

பெருவிலிருந்து வட சிலி வரை கடலோரமாக நீளும் பாலையை மணலும் உப்பும் மட்டுமே என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டத்தால் உருவாகும் மூடுபனியை நம்பி, அங்குள்ள குன்றுச் சரிவுகளில் வாழும் செடிகள் பல. அவற்றுள் ஒன்று நோலானா. கத்தரி, மிளகாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 90 இனங்கள் கொண்டது. லத்தீனில் 'நோலா' என்றால் சிறுமணி. பூவின் வடிவம் கண்டு இட்ட பெயர். எல் நீன்யோ மழை வாய்க்கும் அரிய ஆண்டுகளில் சரிவுகள் நீலமாய்ப் பூக்கும். மற்ற ஆண்டுகளில் விதைகள் மண்ணுக்குள் காத்துக் கிடக்கும்.

இத்தகைய செடியின் வரலாற்றுக்கு முதன்மைச் சான்று, உலர்தாவரக் காப்பகங்களில் உள்ள தாள்கள். அழுத்தி உலர்த்திய ஒரு கிளை. மூலையில் ஒரு சீட்டு. அதில் சேகரித்தவர் பெயர், இடம், நாள். காய்ந்தபின் பூவின் நிறம் மங்கிவிடும் என்பதால், கவனமுள்ளவர்கள் அதையும் குறித்து வைப்பார்கள்.

ஜெர்மனியில் 1808இல் பிறந்து சிலியில் குடியேறிய ரொடோல்ஃபோ அமாண்டோ பிலிப்பி, 1853-54இல் அட்டகாமா பாலையில் பயணம் செய்தார். பயண நூல் 1860இல் வெளிவந்தது. அவருடைய சேகரிப்பு சாந்தியாகோவின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சேர்ந்தது. நோலானா இனங்கள் பலவற்றுக்கு அவர் பெயரிட்டார். 1925இல் அந்தக் கரையில் செடி சேகரித்த அமெரிக்கர் ஐவன் ஜான்ஸ்டன், 1936இல் நோலானா வகைச் செடிகளை முழுமையாக ஆராய்ந்து எழுதினார். பெயர்களில் ஐயம் எழும்போது, முதன்முதலில் பெயரிடப் பயன்பட்ட மூலமாதிரித் தாளே தீர்ப்புச் சொல்லும்.

அந்தத் தாளே அழிந்துபோனால்?

1901இல் பெருவுக்கு வந்த அவுகுஸ்ட் வேபர்பாவர் சேகரித்த செடிகள் பெர்லின் காப்பகத்துக்குச் சென்றன. 1943 மார்ச் 1 இரவு, குண்டுவீச்சில் அக்காப்பகம் எரிந்தது. இலட்சக்கணக்கான தாள்கள் சாம்பலாயின. ஆயினும் 1929 முதல் சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்தின் பிரான்சிஸ் மக்பிரைட், தென் அமெரிக்கத் தாவரங்களின் மூலமாதிரிகளை ஐரோப்பியக் காப்பகங்களில் படமெடுத்து வந்திருந்தார். ஏறத்தாழ 40,000 படங்கள். போர் வருமென்று எண்ணிச் செய்த வேலையன்று. கடல் கடந்து போக இயலாத ஆய்வாளர்களுக்காகச் செய்தது. எரிந்துபோன தாள்கள் பலவற்றுக்கு இன்று அப்படங்களே சாட்சி. ஆனால் படத்திலிருந்து விதையை எடுத்து ஆராய முடியாது. மரபணுவையும் பிரிக்க முடியாது.

எஞ்சிய தாள்களை வாசிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். சேகரிப்போர் துறைமுகங்களுக்கும் பாதைகளுக்கும் அருகிலேயே மிகுதியாகத் திரிந்தனர். மழை பெய்த ஆண்டுகளிலேயே மிகுதியாகக் கண்டனர். ஆகவே பதிவில்லாத இடம் செடியில்லாத இடம் ஆகாது. லிமா போன்ற நகரங்கள் பனிக்குன்றுகளின்மேல் ஏறிவரும் இந்நாளில், வெற்று நிலம் என்று நாம் கைகாட்டும் சரிவில் விதைகள் உறங்கிக்கொண்டிருக்கலாம். அங்கே ஒருகாலத்தில் மணிப்பூ பூத்தது என்று சொல்வதற்கு, எங்கோ ஓர் அலமாரியில் ஒரே ஒரு தாள் மிஞ்சியிருக்கலாம்.