தடித்த டயரும் கொச்சி மணலும்

அப்பா மட்டாஞ்சேரி பஜார் ரோட்டு மிளகுக் கிடங்கில் கணக்கு எழுதினார். அவருடைய ஹெர்குலிஸ், 1949-இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் அம்பத்தூர் வண்டி. ஒல்லி டயர், கேரியரில் சுக்கு மூட்டை. எனக்குச் சைக்கிள் என்றால் அதுதான்.

போன வருஷம் பெரிய கடையொன்றில் மலிவாக ஃபேட் பைக் வாங்கினேன். நாலு அங்குல டயர், கனத்த இரும்புச் சட்டம். டயரின் இந்தத் தடிமன் பனிக்காகப் பிறந்தது. 1980-களின் இறுதியில் அலாஸ்காவில் பனிமேல் ஓட்ட ஆசைப்பட்டவர்கள் இரண்டு ரிம்களைச் சேர்த்து வெல்டிங் வைத்து அகலமாக்கினார்கள். 2005-இல்தான் சர்லி நிறுவனத்தின் பக்ஸ்லி என்ற ஃபேட் பைக் கடைக்கு வந்தது. ஆரம்பம் முதலே கைவைத்துத் திருத்தியவர்களின் வண்டி இது. அந்த மரபு எனக்குப் பெருமை.

உப்புக்காற்றில் மூன்றே மாதத்தில் செயின் துருவேறியது, பின்சக்கரம் ஆடியது. சுள்ளிக்கல் பட்டறையில் உட்கார்ந்து, ஸ்போக் ஸ்போக்காக முறுக்கிக் கோட்டம் எடுக்கக் கற்றேன். நடு ஆக்சிலைக் கழற்றி, பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, புது பேரிங் குண்டுகள் போட்டேன்.

“மோனே, காற்று குறைக்கு” என்றார் பட்டறைக்காரர். குறைத்தேன். டயர் மணலில் பரந்து உட்கார்ந்தது. விடியற்காலை, சீனவலைகளைத் தாண்டி, அப்பா இறங்கித் தள்ளிய அதே ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையில் இறங்காமல் போனேன்.